ஆனியின் கையெழுத்து

பயணம் கிளம்புகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, ஜெராக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு ஒரிஜினலைப் பீரோவில் விட்டுவிட்டு வருவதுதான். விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்து அழுதவர்கள் உண்டு. மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய ஒரு டிராவல் ஆபீசில் பல வருஷம் பேப்பர் வேலை பார்த்தவன் நான். பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ், பெயர் மாற்றம், எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும். ஒரு பொய்க் காகிதமும் என் கையால் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் இதை ஒட்டித்தான் நடந்தது என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரேமலதா மேடம், நீங்கள் என் வக்கீல். நடந்ததை நடந்தபடி தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், கோர்ட்டுக்கு வேண்டியதை நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். போலீசிடம் நான் சொன்னதும் இதேதான். ஆனால் அவர்கள் எழுதியதில் அவசரம் தெரிகிறது. வீட்டுக்கு அடித்த பெயிண்டை வெள்ளை என்று எழுதியிருக்கிறார்கள். அது வெளிர் பச்சை.

என் பெயர் மரியசூசை. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி. என் மனைவி ஆனியும் எங்கள் ஊர்க்காரிதான். தன் அக்கா ஏஞ்சலம்மாள் வீட்டில் இருந்துகொண்டு தோல்பை தைக்கும் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தவளைத்தான் கட்டிக்கொண்டேன். பட்டறைத் தூசியில் அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. அது கல்யாணத்துக்கு முன்பே வந்தது, என்னால் வந்ததல்ல. மூச்சு வாங்கினால் உறிஞ்சுகிற நீல நிற பம்ப் ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். இரண்டு இழுப்பு இழுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவாள்.

ஆனி மோசமானவள் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஒழுங்கு போதாது, அவ்வளவுதான். கரண்ட் பில்லை அரிசி டப்பாவில் வைப்பாள். வீட்டுச் சாவியை இரண்டு முறை தொலைத்தாள். அதனால் ஆபீஸ் போகும்போது கதவை நானே வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோக ஆரம்பித்தேன். உள்ளே தண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது, டிவி இருந்தது. இதைப் போய் ஒரு கொடுமை மாதிரி ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு நாள் ஜாயைக் கூட்டிக்கொண்டு தாராவிக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஜாய் எங்கள் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவதில்லை. கோயிலில் பூசை வைத்து நடந்த கல்யாணத்தைக் கறுப்புக் கோட்டு போட்டவர்கள் பிரித்து வைப்பதா என்று கேட்பார்கள். ஊர்ச் சங்கத்தில் பேசினோம். எனக்கு மாசச் சம்பளம் இருக்கிறது, ஆண்டாப் ஹில்லில் லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. அக்காவின் ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஆனியிடம் என்ன இருக்கிறது? பிள்ளை அப்பாவிடம் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாயங்காலம் வரை அம்மாவிடம் இருக்கட்டும் என்று முடிவானது. இதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாமா என்று நான் ஒருவன்தான் கேட்டேன். சங்கத் தலைவர் சிரித்தார்.

"எழுத்து என்னத்துக்குடே? எல்லாம் நம்ம பிள்ளைகதான. வாய்ச்சொல் போதாதா?"

போதாது என்று எனக்கு அப்போதே தெரியும். பெரியவர் மனம் நோகக் கூடாதென்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்று அவர்கள் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால், அதை வைத்து நான் ஒரு கோர்ட் உத்தரவு வாங்கியிருப்பேன். ஆனியும் இருந்திருப்பாள்.

போன வருஷம் எங்கள் ஆபீசில் கப்பல் பயணத்துக்கு ஆட்கள் நிறையப் பதிவு செய்தார்கள். கப்பல் கம்பெனி சந்தோஷப்பட்டு ஓர் அறையை இலவசமாகக் கொடுத்தது. முதலாளி அதை எனக்குத் தந்தார். மும்பையில் ஏறி, கொச்சி போய், கொழும்பு போய், திரும்பி வருகிற கப்பல். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் கிளம்புகிறது. ஜாய்க்கு அப்போது எட்டு வயது. விளம்பரத் தாளிலிருந்து கப்பல் படத்தை வெட்டித் தலைமாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டாள். நான் ஆயிரம் பேரை ஊர் அனுப்பியிருக்கிறேன், ஒரு முறைகூடக் கடலில் போனதில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை எனக்கு நிஜமாகவே இருந்தது.

பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு வந்தால் அந்தக் கப்பலில் ஒரு விதி உண்டு. மற்றவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட கடிதம், நோட்டரி முத்திரையோடு. இல்லையென்றால் குழந்தை யார் பொறுப்பில் என்று கோர்ட் கொடுத்த உத்தரவு. அதுவும் இல்லையென்றால் மற்றவரின் மரணச் சான்றிதழ். போனில் எத்தனையோ பேருக்கு நானே இதை ஒப்பித்திருக்கிறேன். எனக்கென்று வந்தபோதுதான் நடுவில் இருக்கும் அந்தக் கோர்ட் உத்தரவு என்னிடம் இல்லை என்று உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஆனியிடம் கேட்டேன்.

"கொழும்புக்கா?" என்றாள். "அங்க உங்க அண்ணன் இருக்காருல்லா?"

"ஆமா. அண்ணனையும் பாத்துக்கலாம்."

"திரும்பி வருவீங்களா?"

"கப்பல் ரெண்டாந்தேதி திரும்பி வருது."

நான் சொன்னதில் பொய் இல்லை. கப்பல் வரத்தான் செய்தது. அவள் ஜாயின் தலையைத் தடவினாள்.

"பெத்த பிள்ளைய கடல் தாண்டி அனுப்புததுக்கு அவ்ளோ சுளுவா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாங்களா? யோசிக்கணும்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு கையெழுத்து. ஒரு சின்னப் பெண்ணின் ஆசை. அடுத்த ஞாயிறும் யோசிக்கிறேன் என்றே சொன்னாள். கையில் ஒரு பேனாவைக் கொடுத்துவிட்டால் சிலருக்குத் தலைக்கனம் ஏறிவிடுகிறது.

ஆபீசில் விசா வேலை பார்க்கிற தௌஃபீக் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"அரே சூசை பாய், இதுக்கா டென்ஷன்? பாபியோட சஹிய நான் போட்டுடறேன். நோட்டரி நம்ம ஆளு. கப்பல்ல எவன் பாக்கப்போறான்?"

கேட்டபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும் என்னை இவ்வளவுதான் புரிந்துகொண்டிருக்கிறானே என்று வருத்தமாகவும் இருந்தது. கள்ளக் கையெழுத்து வைத்து மகளைக் கூட்டிப்போகிற அப்பன் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது எங்கள் வழக்கம். கையில் காசு இல்லாதவன்கூட ஒரு சுவருக்காவது அடித்துவிடுவான். அந்த வருஷம் நானும் பஞ்சு என்ற பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தேன். பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வீடு முழுக்க மாவு மில் மாதிரி தூசி பறக்கும். பட்டி தேய்க்கிற நாளைப் பஞ்சுவிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நாளில் வந்து கடிதத்தை ஒரு முறை படித்துப் பார்க்கும்படி ஆனிக்குப் போன் செய்தேன். வேறு நாள் வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் கப்பல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் அந்த வாரம் ரிப்பேர். அதை நான் செய்யவில்லை. சொசைட்டிக்காரர்கள் கீழே போர்டு எழுதி வைத்திருந்தார்கள். ஆனி ஏழு மாடியும் ஏறி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜாய் எங்க?"

"மறைக்கல்விக்குப் போயிருக்கா."

"உள்ள ஒரே தூசியாக் கெடக்கே. இங்கயே நின்னு பேசிருவமா?"

"வராண்டாவுல நின்னு பேசுற விஷயமா இது? வா."

வந்தாள். பஞ்சு சாப்பிடப் போயிருந்தான். பக்கத்து வீட்டு ஃபர்ஸானா தூசி வருகிறது என்று காலையிலேயே சடைத்துக்கொண்டதால் கதவைச் சாத்தினேன். ஒரு பக்கச் சுவருக்கு முதல் பூச்சு முடிந்து ஈரமாக இருந்தது. புறா வந்து உட்கார்ந்து கெடுத்துவிடும் என்பதால் ஜன்னல்களும் சாத்தித்தான் இருந்தன. அவள் கைப்பையைத் தரையில் வைக்கப் போனாள். பெயிண்ட் பட்டுவிடுமே என்று நான் வாங்கி, ஸ்டூலில் ஏறிப் பரணில் வைத்தேன். மேடம், இதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். எந்த வீட்டிலும் யாரும் செய்யக்கூடியதுதான்.

இங்கிலீஷில் இருந்த கடிதத்தை அவள் பொறுமையாகப் படித்தாள். தமிழை விட ஹிந்தியும் இங்கிலீஷும்தான் அவளுக்குச் சுலபம், தாராவிப் பள்ளியில் படித்தவள். படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜாய எந்தத் தேதில திரும்பக் கொண்டாந்து விடுவீங்கன்னு இதுல எழுதுங்க. நான் போடுதேன்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொழும்பில் அண்ணன் எனக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். ஜாய்க்குக் கொட்டாஞ்சேனையில் கன்னியர் நடத்தும் பள்ளியில் பேசி வைத்திருந்தார். திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டிருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. இப்படி இருக்கும்போது திரும்பி வரும் தேதி என்று ஒன்றை எழுதினால், அது நான் எழுதும் முதல் பொய்க் காகிதமாகியிருக்கும். அதனால் எழுதவில்லை.

அவள் இருமத் தொடங்கினாள்.

முதலில் கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சுவரில் சாய்ந்தாள், ஈரப் பெயிண்டில் உள்ளங்கை பதிந்தது. பிறகு பரணைக் காட்டினாள். பேச வரவில்லை, விரலால்தான் காட்டினாள். எனக்குப் புரிந்தது. கடிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். அவளுக்கும் புரிந்தது. தரையில் உட்கார்ந்து முழங்காலில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அதை அவளுடைய பாஸ்போர்ட் நகலோடு ஒட்டிப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் நிமிர்ந்த எழுத்து. இது கோடு இழுத்தது மாதிரி கீழே சரிந்து கிடந்தது. எந்தக் கவுண்டரிலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதோடு, மூச்சுக்குத் தவிக்கிறவளிடம் வாங்கும் கையெழுத்து சட்டப்படி செல்லாது. அதையும் மீறிக் கொண்டுபோனால் தௌஃபீக் சொன்னதற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிழித்ததும் பரணைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

உதவி செய்யத் தவறினார் என்று போலீஸ் எழுதியிருக்கிறது. அந்தச் சொல் சரியில்லை மேடம், மாற்றிவிடுங்கள். நான் தவறவில்லை. பை எனக்கு எட்டாத இடத்தில் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறினால் எட்டும். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு அடங்கும் வரை எழுந்திருக்கவில்லை. கொன்றவன் நான்தான், அதை எங்கேயும் மறைத்து எழுத வேண்டாம்.

அதற்குப் பிறகு பையை இறக்கி அவள் பக்கத்தில் வைத்தேன். பம்பை எடுத்து அவள் கையில் வைத்திருக்கலாம், பார்க்கிறவர்களுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அப்படிச் செய்தால் அது பொய்யாகிவிடும் என்பதால் வைக்கவில்லை. பையில் ஒரு புது ஃபிராக் இருந்தது. ரோஸ் நிறம், கழுத்தில் சின்னச் சின்ன நட்சத்திரம். ஜாயின் கிறிஸ்துமஸுக்குத் தன் கையால் தைத்திருக்கிறாள். அதை மட்டும் எடுத்து உள்ளே வைத்தேன்.

ஆனிக்கு வழக்கமாக மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். தூசி, ஏழு மாடி, இளைப்பு என்று எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொண்டார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாம் ஆமாம்தானே. சிவ்ரி கல்லறையில் அடக்கம் செய்தோம். வார்டு ஆபீசில் எனக்குப் பழக்கமானவர்கள் இருந்ததால் சான்றிதழ் சீக்கிரம் கிடைத்தது. பெயர், தகப்பன் பெயர், விலாசம், எல்லாம் சரியாக இருந்தன. அப்படி ஒரு சுத்தமான காகிதத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாவு விழுந்த துட்டி வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. நட்சத்திரம் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. நாங்கள் கப்பலேறப் போகிறோம் என்று கேள்விப்பட்டு ஏஞ்சலம்மாள் மதினி வந்து வாசலிலேயே நின்றார்கள்.

"முப்பதாம் நாள் பூசைகூட முடியலையே தம்பி. பிள்ளைக்கு அழுதாவது தீரட்டுமே."

"மாத்த முடியாத டிக்கெட்டு மதினி" என்றேன். அதுவும் உண்மைதான்.

துறைமுகத்தில் வரிசை நீளமாக இருந்தது. ஃபைலை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினாள், ஜாயைப் பார்த்துச் சிரித்தாள், போர்டிங் அட்டையை நீட்டினாள்.

"மேடம், குழந்தையோட அம்மா பேப்பர்" என்று ஹிந்தியில் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம் ஸார். அடுத்தவங்க வாங்க."

நான் நகரவில்லை. சான்றிதழை அவள் பக்கம் தள்ளினேன். ஒரிஜினல் என்றேன். பார்க்க வேண்டியது உங்கள் கடமை என்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் என்னைத் திருப்திப்படுத்துவதற்காக அதன்மேல் கண்ணை ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். படிக்கவில்லை. இந்தக் கதை முழுவதிலும் எனக்குக் கண்ணீர் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நல்ல உடுப்பில் வந்தார்கள். ஜாய் வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். அறைக்குக் கூட்டிப்போய் அந்த ரோஸ் ஃபிராக்கை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கித் தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அம்மா தச்சது. எங்க இருந்துச்சு?"

"அன்னைக்கு அம்மா கொண்டுவந்த பைல."

"பை எங்க இருந்துச்சு?"

"பரண்ல."

"அம்மா பைய மேல வைக்க மாட்டாங்களே. பம்பு அதுலதான இருக்கும். யாருப்பா மேல வச்சது?"

வேறு யாராவது ஒரு அப்பனாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். நான் என் மகளிடம் பொய் சொன்னதில்லை. நான்தான் என்றேன். அவள் ஃபிராக்கை மடித்துக் கட்டிலில் வைத்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கொச்சியில் கப்பல் பகல் முழுக்க நின்றது. அங்கே செல்போனில் சிக்னல் வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஜாய் தன் பெரியம்மாவுக்குப் பேசியிருக்கிறாள். ஏஞ்சலம்மாள் சங்கத்துக்கு ஓடியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அரைப் பக்கம் எழுதித் தராத அதே சங்கம், எந்தக் காகிதமும் இல்லாமல், சாயங்காலத்துக்குள் போலீசைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டது. நான் எதையும் மறுக்கவில்லை. ஃபைலைக் கொடுத்தேன். அவர்களும் அந்தச் சான்றிதழை ஒழுங்காகப் படிக்கவில்லை.

நேற்று நீங்கள் ஜெயிலுக்கு ஒரு காகிதம் கொண்டுவந்தீர்கள். ஏஞ்சலம்மாள் மஸ்கட்டில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார்கள், ஜாயையும் கூட்டிப்போக என் சம்மதம் வேண்டும் என்றீர்கள். இங்கே இருந்தால் அந்தக் கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளை நடுங்குகிறாள், ராத்திரி தூங்குவதில்லை, சீக்கிரம் போட்டுக் கொடுங்கள் என்றீர்கள். படித்துப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் எண் சரி, விலாசம் சரி. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறீர்கள்.

போட மாட்டேன் என்று சொல்லவில்லை மேடம். யார் மேலும் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் பெற்ற பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவதற்கு அவ்வளவு சுலபமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்களா? யோசிக்க வேண்டும்.